ஜாவா 8: இலவசப் புதுப்பிப்பு நின்ற பிறகு செய்ய வேண்டியவை

ஜாவா 8ஐ வணிக நோக்கில் பயன்படுத்துவோருக்கு ஆரக்கிள் நிறுவனம் இலவசமாக வழங்கிவந்த புதுப்பிப்புகள் 2019 ஜனவரியோடு நின்றன. 2014 மார்ச்சில் வெளியான அந்தப் பதிப்பு இன்றும் எத்தனையோ அலுவலகங்களில் கணக்கு மென்பொருளுக்கும் கிடங்கு மேலாண்மைக்கும் அறிக்கை தயாரிக்கும் நிரல்களுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தகைய ஓர் அலுவலகத்தின் கணினிப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. ஜாவாவில் நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டளை வரியைத் திறக்கவும் ஒரு கோப்புறையை நகலெடுக்கவும் தெரிந்தால் போதும்.

ஆதரவு நின்றுவிட்டது என்பதால் மென்பொருள் நின்றுவிடுவதில்லை. நேற்று ஓடிய நிரல் இன்றும் அப்படியே ஓடும், திரையில் எந்த அபாய அறிவிப்பும் வராது, மேலாளரும் எதையும் கேட்க மாட்டார். நடப்பது என்னவென்றால், ஆண்டுக்கு நான்கு முறை வந்துகொண்டிருந்த திருத்தங்கள் அந்தக் கணினிக்கு மட்டும் வராமல் போகின்றன. 2021 டிசம்பரில், நிரல்களின் நிகழ்வுப் பதிவை எழுதும் லாக்4ஜே நூலகத்தில் ‘லாக்4ஷெல்’ எனப்பட்ட ஓட்டை வெளியானபோது, எல்டாப் என்னும் அடைவு நெறிமுறை வழியாகத் தொலைவிலிருந்து தீய நிரலை இறக்கி ஓட்டும் மிக எளிய தாக்குதல் முறை ஜாவா 8இன் 191ஆம் புதுப்பிப்பு முதல் இயல்பாகவே அடைபட்டிருந்தது. அதற்கு முந்தையவற்றில் அது திறந்தே கிடந்தது. 191 இருந்தாலே போதும் என்று இதற்குப் பொருளில்லை, தாக்குபவருக்கு வேறு வழிகளும் இருந்ததால் நூலகத்தையும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் புதுப்பித்த கணினிக்கும் புதுப்பிக்காத கணினிக்கும் இடையே அன்றைக்கு இருந்த வேறுபாடு சிறியதல்ல.

பாதுகாப்பு ஓட்டைகளைத் தவிர வேறு சிலவும் இந்தப் புதுப்பிப்புகளோடுதான் வருகின்றன. இணையதளங்களை நம்புவதற்கு ஜாவா தன்னிடம் வைத்திருக்கும் வேர்ச்சான்றிதழ்ப் பட்டியல் அவற்றில் ஒன்று. இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் வேர்ச்சான்றிதழ் ஜாவா 8இன் 141ஆம் புதுப்பிப்பில்தான் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஜாவாவுக்கு அந்தச் சான்றிதழ் யாருடையது என்றே தெரியாது. நேர மண்டலத் தரவும் அப்படித்தான். மெக்சிகோ 2022இல் தன் பெரும்பகுதியில் கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டது; அந்தத் தரவு வந்து சேராத ஜாவா, மெக்சிகோ வாடிக்கையாளரின் நேரத்தை ஆண்டில் பாதி நாள்கள் ஒரு மணி நேரம் தவறாகக் கணக்கிடும்.

முதலில் கணக்கெடுப்பு

பலர் செய்வதுபோல் உடனே புதிய ஜாவாவைப் பதிவிறக்கத் தொடங்காதீர்கள். எந்தக் கணினியில் எந்த ஜாவா, யாருக்காக இருக்கிறது என்று தெரியும்வரை எதையும் நிறுவவோ நீக்கவோ கூடாது. வேலையில் பெரும்பகுதி இந்தக் கணக்கெடுப்புதான், மிகச் சலிப்பான பகுதியும் இதுதான். இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவை தாமாக வரிசைக்கு வந்துவிடும்.

கட்டளை வரியில் ‘ஜாவா’ என்ற கட்டளையை அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோட்டுடன் ‘வெர்ஷன்’ என்று சேர்த்து இயக்குங்கள். மூன்று வரிகள் வரும். முதல் வரி ‘ஓபன்ஜேடிகே வெர்ஷன்’ என்று தொடங்கினால், அது திறமூலத்திலிருந்து கட்டப்பட்ட தொகுப்பு. வெறுமனே ‘ஜாவா வெர்ஷன்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் அது ஆரக்கிள் தந்தது. அதே வரியில் 1.8.0 என்ற எண்ணும், அடிக்கோட்டுக்குப் பின் இன்னோர் எண்ணும் இருக்கும். அந்தக் கடைசி எண்தான் புதுப்பிப்பு எண். அதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் கட்டளை சொல்வது, பாத் என்னும் சூழல் மாறியில் (கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியல்) முதலில் அகப்படும் ஜாவாவைப் பற்றி மட்டுமே. ஒரே கணினியில் ஐந்தாறு ஜாவாக்கள் இருப்பது அபூர்வமல்ல. விண்டோஸில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையிலும் அதன் 32 பிட் இணைக் கோப்புறையிலும் ‘ஜாவா’ என்ற பெயரில் தேடுங்கள். லினக்ஸில் ஃபைண்ட் கட்டளையால் முழு வட்டையும் துழாவுங்கள். அச்சுப்பொறி மேலாண்மை, யுபிஎஸ் கண்காணிப்பு போன்ற சில மென்பொருள்கள் தம் கோப்புறைக்குள்ளேயே தனியாக ஒரு ஜாவாவைப் பொதிந்து கொண்டுவருவதுண்டு. நிரல்களைப் படிமங்களாகக் கட்டி ஓட்டும் டாக்கர் பயன்படுத்தும் இடங்களில் படிமங்களுக்குள்ளும் பார்க்க வேண்டும். பொதிந்து வந்த ஜாவாவை நீங்களே மாற்றாதீர்கள். அது அந்த மென்பொருளை விற்றவரின் பொறுப்பு, அவரிடம் புதிய பதிப்பைக் கேட்பதே முறை.

கண்டெடுத்த ஒவ்வொன்றுக்கும் கணினியின் பெயர், கோப்புறை, புதுப்பிப்பு எண், 32 பிட்டா 64 பிட்டா என்பது, எந்த நிரல் அதைப் பயன்படுத்துகிறது என்பது ஆகியவற்றை ஒரு விரிதாளில் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்காத பதிவுகள் நிச்சயம் சில இருக்கும். மின் ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் டிஜிட்டல் கையொப்பமிட எப்போதோ யாரோ நிறுவிய ஜாவா அப்படிப்பட்டது. அந்த வேலை உலாவிக்குள் ஆப்லெட் என்னும் சிறு ஜாவா நிரலாக நடந்த காலம் முடிந்துவிட்டது. குரோம் 2015இலும் ஃபயர்பாக்ஸ் 2017இலும் அந்தச் செருகுநிரலுக்கான இடத்தை மூடிவிட்டன. யாருக்கும் தேவையில்லை என்று விசாரித்து உறுதிசெய்த ஜாவாவை நீக்கிவிடுவதுதான் இருப்பதிலேயே மலிவான பாதுகாப்பு.

உரிமக் கோடு எங்கே ஓடுகிறது

ஆரக்கிள் ஜாவா 8இல் 202ஆம் புதுப்பிப்பு வரையிலானவை பழைய உரிமத்தின்கீழ் வந்தவை. பொதுவான கணினிகளில் வணிகப் பயன்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது. 2019 ஏப்ரலில் வந்த 211ஆம் புதுப்பிப்பு முதல் உரிமம் மாறியது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் நிரல் எழுதவும் சோதிக்கவும் அதை இலவசமாக வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தின் அன்றாட வேலைக்கு ஓட்டினால் சந்தா கட்ட வேண்டும். பதிவிறக்கப் பக்கத்தில் கோப்பு வழக்கம்போலவே கிடைப்பதால், கிடைக்கிறதே, இலவசம்தானே என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. பழைய ஜாவாவோடு வரும் தானியங்கிப் புதுப்பிப்பு நிரல் திரையின் ஓரத்தில் ‘புதிய பதிப்பு உள்ளது’ என்று அழைத்துக்கொண்டே இருக்கும். பாதுகாப்பை எண்ணி நல்லெண்ணத்தோடு அதைச் சொடுக்கும் ஊழியர், 202இலிருந்து ஒரே தாவலில் கட்டண எல்லைக்குள் போய் நின்றுவிடுவார். ஆகவே கணக்கெடுப்பு முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் மாற்றம், எல்லாக் கணினிகளிலும் அந்தத் தானியங்கியை அணைப்பது. உங்கள் விரிதாளில் 211 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணுள்ள ஆரக்கிள் ஜாவா இருந்தால் அந்த வரிகளைத் தனி நிறத்தில் குறியுங்கள். அவற்றில் சில, ஆரக்கிளின் வேறு மென்பொருள்களை ஓட்டுவதற்காக மட்டும் நிறுவப்பட்டவையாக இருக்கலாம். வெப்லாஜிக் போன்றவற்றின் உரிமத்திலேயே அவற்றுக்கான ஜாவா உரிமையும் அடங்கியிருக்கிறது. அந்த ஒப்பந்தத் தாளை எடுத்துப் படித்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

சந்தாவின் கணக்கு முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து அது ஜாவா ஓடும் கணினிகளை எண்ணுவதில்லை, நிறுவனத்தின் மொத்த ஊழியர்களை எண்ணுகிறது. பகுதிநேர ஊழியர், தற்காலிக ஊழியர், நிறுவனத்தின் உள்வேலைகளைச் செய்துதரும் ஒப்பந்தக்காரரின் ஆள்கள் எல்லோரும் அதில் சேர்த்தி. அவர்கள் வாழ்நாளில் ஜாவாவைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு அறிவித்த விலைப்பட்டியலில் ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு ஆளுக்கு மாதம் 15 டாலர். 200 பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒரே ஒரு சர்வரில் ஜாவாவை ஓட்டினாலும் பட்டியல் விலைப்படி ஆண்டுக்கு 36,000 டாலர் ஆகிறது. சிறிய நிறுவனங்களுக்கு இது பொருந்தாத விலை என்பதே என் கருத்து. பெரிய வங்கி ஒன்று, பிழை வந்தால் ஆரக்கிளின் பொறியாளரிடமே நேரில் கேட்க வேண்டும் என்று விரும்பினால், அதற்கு இதில் நியாயம் இருக்கிறது. சந்தாதாரர்களுக்கு ஜாவா 8இன் திருத்தங்கள் 2030 டிசம்பர் வரை உண்டு.

யாரிடமிருந்து பெறுவது

ஜாவாவின் மூலநிரல் ஓபன்ஜேடிகே என்ற பெயரில் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. ஆரக்கிள் விலகிக்கொண்ட 2019இல், அதன் 8ஆம் பதிப்புக்கான புதுப்பிப்புப் பணியை ரெட் ஹாட் நிறுவனம் முன்னின்று ஏற்றுக்கொண்டது. அன்றுமுதல் பல நிறுவனங்களின் பொறியாளர்கள் சேர்ந்து திருத்தங்களைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அந்த மூலநிரலைக் கட்டி, ஆயத்தத் தொகுப்பாக இலவசமாகத் தருபவர்கள் பலர். எக்லிப்ஸ் அறக்கட்டளையின்கீழ் இயங்கும் அடாப்டியம் குழுவின் டெமுரின், அமேசானின் கொரெட்டோ, அசூல் நிறுவனத்தின் ஜூலு, பெல்சாஃப்டின் லிபெரிக்கா ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. மைக்ரோசாஃப்டும் ஒரு தொகுப்பைத் தருகிறது. ஆனால் அது 11ஆம் பதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது, 8க்கு உதவாது.

ஒரே களத்து நெல்லை வெவ்வேறு ஆலைகளில் அரைத்த அரிசியைப் போன்றவை இவை. ஜாவாவுக்கென்று உள்ள பொருத்தச் சோதனைத் தொகுப்பில் தேறியவை என்பதால், ஒன்றில் ஓடும் நிரல் மற்றொன்றிலும் ஓட வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று நீண்ட நேரம் குழம்பத் தேவையில்லை. உங்கள் லினக்ஸ் வழங்கலின் தொகுப்புக் களஞ்சியத்திலேயே ஓபன்ஜேடிகே 8 இருந்தால் அதையே எடுங்கள், இயங்குதளத்தோடு சேர்ந்து புதுப்பிப்பும் வந்துவிடும். அமேசான் மேகத்தில் சர்வர் வைத்திருப்போருக்குக் கொரெட்டோ இயல்பாகப் பொருந்தும். விண்டோஸ் கணினிகள் நிறைந்த அலுவலகத்துக்கு நான் டெமுரினைப் பரிந்துரைப்பேன். நிரல், ஜாவாஎஃப்எக்ஸ் என்னும் திரை வடிவமைப்புப் பகுதியால் ஆன திரைகளைக் கொண்டதாக இருந்தால் மட்டும் தேர்வு குறுகும். ஆரக்கிள் ஜாவா 8இல் உடன் வந்த அந்தப் பகுதி டெமுரினில் இல்லை, ஜூலுவிலும் லிபெரிக்காவிலும் அதைச் சேர்த்துக் கட்டிய தனித் தொகுப்புகள் கிடைக்கின்றன. அதேபோல, இணையப்பக்க இணைப்பைச் சொடுக்கி நிரலைத் தொடங்கும் ஜாவா வெப் ஸ்டார்ட் வழியாகத் திறக்கும் பழைய நிரல்களுக்கு ஓபன்வெப்ஸ்டார்ட் என்னும் தனி மென்பொருளை நிறுவ வேண்டியிருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தருபவரை மாற்றும் வேலையையும் பதிப்பை மாற்றும் வேலையையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ‘எப்படியும் மாற்றத்தானே போகிறோம், நேரே ஜாவா 21க்கே போய்விடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். ஆரக்கிள் 8இலிருந்து டெமுரின் 8க்கு மாறுவது பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுது வேலை. 8இலிருந்து 21க்கு மாறுவது நிரலாளர்களின் பல வார வேலை. இரண்டையும் பிணைத்தால் அந்தப் பல வாரங்களும், அவை தள்ளிப்போனால் பல மாதங்களும், சர்வர் புதுப்பிப்பே இல்லாமல் கிடக்கும். தவிர, மாற்றிய பின் ஏதாவது உடைந்தால் காரணம் எதுவென்று பிரித்தறியவும் முடியாது.

மாற்றும் நாள்

முதலில் ஒரு சோதனைக் கணினியில் செய்து பாருங்கள். பழைய ஜாவாவின் கோப்புறையை முழுதாக நகலெடுத்து வையுங்கள். அதில் மூன்று இடங்களை முக்கியமாகப் பார்க்க வேண்டும். வேர்ச்சான்றிதழ்கள் இருக்கும் ‘சிஏசெர்ட்ஸ்’ கோப்பில், வங்கிக்கோ உள் சர்வருக்கோ உரிய சான்றிதழை உங்களுக்கு முன் பொறுப்பில் இருந்தவர் சேர்த்திருக்கலாம். கீடூல் கருவியால் இரண்டு கோப்புகளின் பட்டியலையும் எடுத்து ஒப்பிட்டால் கூடுதலாக இருப்பது தெரிந்துவிடும். கோப்பையே தூக்கிப் புதிய கோப்புறையில் வைத்துவிடாதீர்கள், அப்படிச் செய்தால் காலாவதியான பழைய பட்டியலும் சேர்ந்தே வந்துவிடும். கூடுதல் சான்றிதழ்களை மட்டும் ஏற்றுமதி செய்து புதியதில் சேருங்கள். அடுத்து, பாதுகாப்பு அமைவுக் கோப்பில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியாக, ‘எக்ஸ்ட்’ என்னும் நீட்சிக் கோப்புறையில் வெளியிலிருந்து போட்ட ஜார் கோப்புகள் (ஜாவா நூலகக் கோப்புகள்) உள்ளனவா என்று பாருங்கள்.

புதிய தொகுப்பைத் தருபவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, அங்கே கொடுத்துள்ள ஷா-256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். நிறுவியைவிட ஜிப் வடிவத் தொகுப்பு எனக்கு உவப்பானது. பழையதன் பக்கத்திலேயே தனிக் கோப்புறையில் விரித்து வைக்கலாம், திரும்பிப் போவதும் எளிது. எந்த ஜாவாவை எடுப்பது என்று நிரல்களுக்குச் சொல்லும் ஜாவா ஹோம் சூழல் மாறியைப் புதுப்பிப்பு எண் கொண்ட கோப்புறைக்கு நேராகக் காட்டாமல், மாறாத பெயருள்ள ஓர் இணைப்புக் கோப்புறைக்குக் காட்டுங்கள். அடுத்த முறை அந்த இணைப்பை மட்டும் திருப்பினால் போதும்.

எல்லாம் செய்த பிறகும் பதிப்பைக் கேட்டால் பழைய ஜாவாவே பதில் சொல்கிறது என்பது புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம். விண்டோஸில் ஆரக்கிளின் நிறுவி, ‘ஜாவாபாத்’ என்று முடியும் தன் கோப்புறையைப் பாத் மாறியின் தொடக்கத்திலேயே செருகி வைத்திருக்கும். அதை எடுக்க வேண்டும். ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வர் விண்டோஸ் சேவையாக ஓடினால் அது ஜாவா ஹோமைப் பார்ப்பதே இல்லை, எந்த ஜாவா என்பதைத் தன் சேவை அமைவிலேயே எழுதி வைத்திருக்கும். டாம்கேட்டோடு வரும் அமைவுச் சாளரத்தைத் திறந்து, ‘ஜாவா’ பக்கத்தில் பாதையை மாற்றி, சேவையை மீண்டும் தொடங்குங்கள். நிரல் தனக்கே உரிய 32 பிட் நூலகங்களை அழைப்பதாக இருந்தால், 64 பிட் தொகுப்பைப் போட்டால் எழுந்திருக்காது. விரிதாளில் பிட் கணக்கை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

பிறகு சோதனை. நிரல் திறக்கிறது, உள்நுழைய முடிகிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. லினக்ஸ் சர்வரில் எழுத்துருக்கள் தகராறு செய்யும்: ஆரக்கிள் ஜாவா 8 சில லுசிடா எழுத்துருக்களைத் தன்னோடு கொண்டுவந்தது, ஓபன்ஜேடிகே இயங்குதளத்தின் எழுத்துருக்களையே நம்புகிறது. மிகக் குறைந்த தொகுப்புகளோடு நிறுவிய சர்வரில் எழுத்துருவே இல்லாமல் இருக்கலாம். அப்போது எக்ஸெல் கோப்பு உருவாக்கும்போதோ பிடிஎஃப் அறிக்கை எடுக்கும்போதோ நிரல் விழும். ஃபான்ட்கான்ஃபிக் தொகுப்பையும் டெஜாவூ போன்ற ஓர் எழுத்துருக் குடும்பத்தையும் நிறுவினால் சரியாகிவிடும். தமிழில் ரசீது அச்சிடுவோர் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இணைப்புகள் உடைவது இன்னொன்று. இணைப்புகளை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய பழைய வடிவங்களை 2021 ஏப்ரல் புதுப்பிப்பிலிருந்து ஜாவா இயல்பாகவே மறுக்கிறது. 202இலேயே தங்கியிருந்த சர்வரை இன்றைய புதுப்பிப்புக்குக் கொண்டுவந்தால், பழைய தரவுத்தள சர்வரோடும் பழைய மின்னஞ்சல் சர்வரோடும் பேச்சு அறுந்துபோகக்கூடும். மறுமுனையைப் புதுப்பிப்பதே சரியான தீர்வு. அதற்கு நாளாகும் என்றால், அந்த ஒரு நிரலுக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு அமைவுக் கோப்பைக் கொடுத்துத் தற்காலிகமாகத் தளர்த்தலாம். முழு ஜாவாவுக்கும் தளர்த்திவிட்டு மறந்துவிடுவது கூடாது. தளர்த்திய தேதியை விரிதாளில் எழுதுங்கள்.

மாத இறுதிக் கணக்கு, சம்பளப் பட்டியல் போன்று எப்போதாவது ஓடும் வேலைகளையும் சோதித்த பிறகே உண்மையான சர்வரில் கைவையுங்கள். அங்கே மாற்றியபின் பழைய கோப்புறையை ஒரு மாதச் சுற்று முடியும்வரை வைத்திருந்து, பிறகு ஆரக்கிள் ஜாவாவை முறையாக நீக்குங்கள். மாறிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே பழையதையும் வட்டில் விட்டு வைத்திருந்தால், உரிமத் தணிக்கைக்கு வருபவர் அதையும் கணக்கில் எழுதக்கூடும்.

ஆண்டுக்கு நான்கு முறை

ஜாவாவின் புதுப்பிப்புகள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மூன்றாம் செவ்வாய்க்கிழமையை ஒட்டி வெளியாகின்றன. இலவசத் தொகுப்புகள் அதே நாளிலோ அடுத்த சில நாள்களிலோ வந்துவிடும். நாள்காட்டியில் நான்கு நாள்களையும் இப்போதே குறித்துவிடுங்கள். வெளியான வாரத்தில் சோதனைக் கணினியில் போட்டு, அடுத்த வாரம் மற்றவற்றில் போடுவது பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதுமானது. கட்டணம் கேட்பவரிடமிருந்து இலவசமாகத் தருபவரிடம் மாறிவிட்டு, அதன்பின் ஒருமுறைகூடப் புதுப்பிக்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உரிமச் சிக்கல் மட்டும் தீர்ந்து, ஓட்டைகள் அப்படியே இருந்தன.

8ஐ விட்டு மேலே போவது

இது நிரலாளர்களோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டிய வேலை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜாவா பொருள்களை எக்ஸ்எம்எல்லாகவும் திரும்பவும் மாற்றும் ஜேஏஎக்ஸ்பி (JAXB) பகுதி 11ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது, தனி நூலகமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாஷார்ன் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் 15இல் போனது. ஜாவாவின் உள் வகுப்புகளைக் குறுக்கு வழியில் தொட்ட பழைய நூலகங்கள் 17இல் நின்றுவிடும். 18இலிருந்து இயல்பான எழுத்துக் குறியாக்கம் எல்லா இயங்குதளங்களிலும் யுடிஎஃப்-8 ஆகிவிட்டது. விண்டோஸில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிய பழைய தொல்லைக்கு இது நல்ல செய்தி, ஆனால் பழைய குறியாக்கத்தில் சேமித்த கோப்புகளை அப்படியே படிக்கும் நிரல்களைச் சோதித்தாக வேண்டும். எந்த வகையிலும் நகர்த்தவே முடியாத நிரல் ஒன்று மிஞ்சினால், அதைத் தனி மெய்நிகர் கணினிக்குள் வைத்து, இணையத்திலிருந்து துண்டித்து, தேவைப்படும் ஓரிரண்டு கணினிகளுக்கு மட்டும் வழி திறந்துவிடுங்கள்.

பதிப்பு உயரும்போது உரிமத்தையும் கூடவே பாருங்கள். 2021 செப்டம்பரில் 17ஆம் பதிப்பை வெளியிட்டபோது, வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம் என்ற புதிய உரிமத்தை ஆரக்கிள் அறிவித்தது. ஆனால் அது அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு வந்து ஓராண்டு வரைதான். 21ஆம் பதிப்பு 2023 செப்டம்பரில் வந்ததால், 17இன் 12ஆம் புதுப்பிப்போடு அந்தச் சலுகை முடிந்து, 2024 அக்டோபரில் வந்த அடுத்த புதுப்பிப்பு சந்தா உரிமத்துக்குள் போனது. 25ஆம் பதிப்பு 2025 செப்டம்பரில் வந்திருப்பதால், 21க்கு இதே எல்லை 2026 செப்டம்பர். உங்கள் விரிதாளில் ஆரக்கிளின் 17ஓ 21ஓ இருந்தால், 8க்குச் செய்த அதே வேலையை அவற்றுக்கும் செய்ய வேண்டும்: பதிப்பு எண்ணை மாற்றாமல், தருபவரை மட்டும் மாற்றுவது.